ஜனவரி 31 + 1 மாதம் = ? டேட்டாபேஸுக்குள் ஒளிந்திருக்கும் 16-ம் நூற்றாண்டு அறிஞர் ஸ்காலிஜரின் கதை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவரா நீங்கள்? அதன் ஆவணத்தில் தேதிகள் பற்றிய பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு தேதி எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை போட்டிருப்பார்கள்: கி.மு. 4713. ரவுண்டாக 5000 இல்லை, 4000-மும் இல்லை. ஆரக்கிளுக்குப் போனால் அங்கே கி.மு. 4712. உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூலைட்டில் 'ஜூலியன்டே' என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இன்றைய தேதியைக் கொடுத்தால் 24 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டிய ஒரு எண்ணைத் துப்பும்.

எங்கிருந்து வந்தது இந்த விசித்திரமான வருடம்? கம்ப்யூட்டர் கம்பெனி எதுவும் கண்டுபிடித்ததல்ல. 1583-ல் பாரிஸில் அச்சான ஒரு தடிமனான லத்தீன் புத்தகத்திலிருந்து வந்தது. எழுதியவர் ஜோசப் யுஸ்டஸ் ஸ்காலிஜர். ஐரோப்பாவின் மிகப் பெரிய படிப்பாளி என்று அவர் காலத்திலேயே பெயர் வாங்கியவர். அகதியாக ஓடியவர், சண்டைக்காரர், கடைசியில் சொந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே தடுக்கி விழுந்தவர்.

தினமும் 80 வரி லத்தீன்

1540 ஆகஸ்ட் 5. தென்மேற்கு பிரான்சில் ஆஜான் என்ற ஊரில் பிறந்தார் ஸ்காலிஜர். அப்பா ஜூலியஸ் சீசர் ஸ்காலிஜர், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய மருத்துவர், பெரிய எழுத்தாளர். பெயரிலேயே தெரிகிறதே, அடக்கமான ஆள் இல்லை. வெரோனா நகரத்தை ஒரு காலத்தில் ஆண்ட தெல்லா ஸ்காலா அரச குடும்பத்தின் வாரிசு தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிவில் தேவைப்படும்.

12 வயதில் தம்பிகளோடு போர்தோவில் உள்ள பள்ளிக்கு அனுப்பினார்கள். 1555-ல் அங்கே பிளேக் வர, பையன்கள் வீடு திரும்பினார்கள். அதன்பிறகு அப்பாதான் வாத்தியார். அவர் லத்தீன் கவிதை வரிகளைச் சொல்லச் சொல்ல, மகன் எழுத வேண்டும். தினமும் 80 முதல் 100 வரி. அது போக, தினம் ஒரு லத்தீன் கட்டுரை. இப்படி மூன்று வருடம் ஓடியது.

1558-ல் அப்பா இறந்ததும் பாரிஸுக்குப் போனார் ஸ்காலிஜர். கிரேக்கம் கற்க வேண்டும் என்று வெறி. ஒரு பெரிய பேராசிரியரின் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்தார், ஒன்றும் புரியவில்லை. சரி, வேண்டாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தார். ஹோமரை 21 நாளில் முடித்தார். நான்கு மாதத்தில் மற்ற கிரேக்கக் கவிஞர்கள் எல்லோரையும். அடுத்து ஹீப்ரு, பிறகு அரபி. இந்த மொழிகள்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தன. பழைய காலண்டர்கள் எல்லாமே இந்த மொழிகளில்தானே இருந்தன!

ஓட வைத்த ஆகஸ்ட்

1562-ல் ஸ்காலிஜர் புராட்டஸ்டன்ட் மதத்துக்கு மாறினார். கத்தோலிக்க பிரான்சில் அது உயிருக்கு உலை வைக்கும் முடிவு. அப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை. லூயி டி ஷாஸ்தேனியே என்ற இளம் பிரபுவின் துணைவராகச் சேர்ந்து இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று சுற்றினார். பிறகு வாலன்ஸ் நகரில் ஜாக் குஜாஸ் என்ற சட்ட மேதையிடம் படித்தார்.

1572 ஆகஸ்ட் 24. புனித பார்த்தலோமியு தினம். பாரிஸில் புராட்டஸ்டன்ட்டுகளைத் தேடித்தேடிக் கொன்றார்கள். கொலை மற்ற ஊர்களுக்கும் பரவியது. போலந்துக்குப் போகும் தூதுக்குழு ஒன்றில் சேரக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்காலிஜர், உயிர் பிழைக்க ஜெனீவாவுக்கு ஓடினார். அங்கே பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் மேடையேறிப் பாடம் எடுப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு வருடத்தில் விட்டுவிட்டு 1574-ல் பிரான்சுக்கே திரும்பினார்.

அடுத்த இருபது வருடம் அவர் வாழ்ந்த விதம்தான் ஆச்சரியம். நிலையான வீடு இல்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டே இருந்தது. ஷாஸ்தேனியேவின் கோட்டைகளில் மாறி மாறித் தங்கினார். முறை வந்தால் ஈட்டியோடு காவலுக்கும் நின்றார். பெரிய நூலகம் பக்கத்தில் கிடையாது, தன் சொந்தப் புத்தகங்களே பல நேரம் வேறு ஊரில் கிடந்தன. இந்த நிலையில்தான் அவர் மனித வரலாற்றின் எல்லாத் தேதிகளையும் ஒரே கோட்டில் நிறுத்த முடிவு செய்தார்.

அப்படி என்ன பிரச்சினை?

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்லலாம். தமிழ் வருடங்கள் 60. ஒரு பழைய ஓலையில் விசுவாவசு வருடம் என்று மட்டும் இருந்தால், அது 2025-ல் பிறந்ததா, 1965-ல் பிறந்ததா, இல்லை அதற்கும் முந்தியதா? சுழற்சி ஒன்றுதான், சுற்று எது என்று தெரியாது.

ஸ்காலிஜர் முன் இருந்த குழப்பம் இதைவிடப் பல மடங்கு. கிரேக்க நகரம் ஒவ்வொன்றுக்கும் தனி மாதப் பெயர்கள். எகிப்தியர்களின் வருடம் சரியாக 365 நாள், லீப் வருடமே கிடையாது. அதனால் அது பருவங்களோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே போகும். யூதர்களின் வருடத்துக்குச் சில நேரம் 12 மாதம், சில நேரம் 13. இஸ்லாமிய வருடம் 354 அல்லது 355 நாள். ரோமானியர்கள் கான்சல்களின் பெயரால் வருடத்தைச் சொன்னார்கள். இதில் பாபிலோனில் நடந்த ஒன்றுக்கும் ஏதென்ஸில் நடந்த ஒன்றுக்கும் இடையில் எத்தனை வருடம் என்று கேட்டால் எப்படிக் கழிப்பது?

டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், ஒவ்வொரு டேபிளிலும் தேதி வேறு வேறு ஃபார்மட்டில் இருக்கிறது. கழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றியாக வேண்டும்.

மூன்று சக்கரங்கள்

ஸ்காலிஜர் மூன்று சுழற்சிகளை எடுத்துக்கொண்டார். முதலாவது 28 வருடம்: ஜூலியன் காலண்டரில் தேதியும் கிழமையும் மறுபடி அப்படியே ஒத்துப்போக ஆகும் காலம். இரண்டாவது 19 வருடம்: அமாவாசை, பௌர்ணமி கிட்டத்தட்ட அதே தேதிகளுக்குத் திரும்பும் காலம். மூன்றாவது 15 வருடம்: ரோமப் பேரரசு வரி விதிப்புக்காக வைத்திருந்த சுழற்சி. மூன்றையும் பெருக்கினால் 28 × 19 × 15 = 7980. அதாவது இந்த 7980 வருடத்தில் எந்த வருடத்தை எடுத்தாலும், அதற்குரிய மூன்று எண்களின் சேர்க்கை இன்னொரு வருடத்துக்கு வராது.

கி.பி. 1-க்கு அந்த எண்கள் 10, 2, 4. மூன்று சக்கரமும் ஒன்றாக 1-ல் நின்ற வருடம் எது என்று பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்தால் நிற்கும் இடம்: கி.மு. 4713. அதுதான் தொடக்கம். சந்தேகம் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2024-உடன் 4713-ஐக் கூட்டுங்கள்: 6737. அதை 28-ஆல் வகுத்தால் மீதி 17, 19-ஆல் வகுத்தால் 11, 15-ஆல் வகுத்தால் 2. கோடிங் தெரிந்தவர்களுக்கு இது மூன்று மாடுலோ கணக்கு, அவ்வளவுதான்.

இந்தப் பெருக்கல் அவருக்கு முன்பே இடைக்கால ஐரோப்பாவில் சிலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை உலக வரலாற்றுக்கே பொது ஸ்கேலாக வைக்கலாம் என்று செய்து காட்டியவர் ஸ்காலிஜர். கி.மு. 4713-ல் ஏதோ பெரிய சம்பவம் நடந்தது என்பதல்ல. அவருக்குத் தெரிந்த வரலாறு முழுவதற்கும் முன்னால் இருக்கும்படி கிடைத்த வெற்றுப் புள்ளி அது. அதனால் எல்லா வருடமும் பாசிட்டிவ் எண். கி.மு., கி.பி. தொல்லையே இல்லை.

அந்தத் தொல்லை சின்னது என்று நினைக்காதீர்கள். கி.மு. 1-க்கு அடுத்து நேராக கி.பி. 1 வரும், நடுவில் பூஜ்ஜியம் கிடையாது. வானியலாளர்கள் கி.மு. 1-ஐ பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வதால் கி.மு. 4713 அவர்களுக்கு மைனஸ் 4712. ஆரக்கிளின் 4712-ல் எட்டிப் பார்ப்பது இந்த ஒரு வருட வித்தியாசம்தான்.

இதற்கு ஜூலியன் பீரியட் என்று பெயர் வைத்தார். அப்பா ஜூலியஸ் நினைவாக வைத்தார் என்று இணையத்தில் நிறைய இடத்தில் படிக்கலாம். நம்பாதீர்கள். ஜூலியன் காலண்டர் வருடங்களால் ஆனது என்பதால்தான் அந்தப் பெயர், அவரே அப்படித்தான் விளக்கியிருக்கிறார்.

காணாமல் போன 10 நாள்

புத்தகம் வந்த நேரத்தையும் பாருங்கள். 1582 அக்டோபரில்தான் போப் 13-ம் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். ரோமில் அக்டோபர் 4-ம் தேதி வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. பிரான்சில் கொஞ்சம் தாமதம்; டிசம்பர் 9-க்கு அடுத்த நாள் டிசம்பர் 20. ஸ்காலிஜர் அந்த டிசம்பரை நேரில் வாழ்ந்தவர். புதிய காலண்டரை அவர் ஏற்கவில்லை, குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அதை வகுத்தவர்களில் முக்கியமான கிறிஸ்டோபர் கிளாவியஸோடு வருடக்கணக்கில் மோதல்.

அந்த 10 நாள் இன்றும் குவெரியில் அகப்படும். 1582 அக்டோபர் 4-உடன் ஒரு நாளைக் கூட்டினால் ஆரக்கிள் அக்டோபர் 15 என்கிறது. போஸ்ட்கிரெஸ் அக்டோபர் 5 என்கிறது. பின்னது, புதிய காலண்டர் ஆதியிலிருந்தே இருந்ததாகப் பாவித்துக் கணக்குப் போடுகிறது. பழைய ஆவணங்களை டிஜிட்டல் ஆக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது நிஜமான தலைவலி.

வருடத்திலிருந்து நாளுக்கு

ஸ்காலிஜர் எண்ணியது வருடங்களை. அதே தொடக்கப் புள்ளியிலிருந்து நாட்களை எண்ணினால் வானியலுக்கு வசதி என்று 19-ம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1849-ல் வெளியிட்ட நூல் அதைப் பரப்பியது. அதுதான் ஜூலியன் நாள் எண். 1957-ல் ஸ்புட்னிக்கைப் பின்தொடர்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், எண் நீளமாக இருக்கிறது என்று அதில் 24,00,000.5-ஐக் கழித்து ஒரு சின்ன வடிவம் செய்துகொண்டார்கள். கம்ப்யூட்டரில் அன்றைக்கு இடம் அவ்வளவு பஞ்சம்.

நாட்களை ஒரு புள்ளியிலிருந்து எண்ணுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 பிப்ரவரியிலிருந்து நாட்களை எண்ணும் அகர்கணம் இந்திய வானியலில் மிகப் பழையது. வாக்கியப் பஞ்சாங்கக் கணிதம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். 1825-ல் சென்னையில் அச்சான ஜான் வாரனின் 'கால சங்கலித' நூலில், சோழிகளைத் தரையில் பரப்பி சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்ன ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றிய பதிவே இருக்கிறது.

இதனால் என்ன லாபம்? 1947 ஆகஸ்ட் 15-க்கும் 1950 ஜனவரி 26-க்கும் இடையே எத்தனை நாள்? எந்த மாதத்துக்கு 30, எதற்கு 31, 1948 லீப் வருடமா என்று விரல் விட்டு எண்ணலாம். அல்லது ஜூலியன் நாள் எண்களைக் கழிக்கலாம்: 24,33,308 - 24,32,413 = 895. போஸ்ட்கிரெஸில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இப்படித்தான் முழு எண் கிடைக்கும். எஸ்க்யூலைட் உள்ளுக்குள் நேரத்தை வைத்திருப்பதே ஜூலியன் நாளை மில்லிசெகண்டாக மாற்றித்தான்.

ஆனால் இன்டர்வெலில் மாதம் என்ற சொல் வந்தவுடன் கதை மாறுகிறது. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதத்தைக் கூட்டுங்கள். பிப்ரவரி 31 கிடையாது. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் பிப்ரவரி 29-ல் நிறுத்தும். எஸ்க்யூலைட் வழக்கமாக மிச்ச நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி மார்ச் 2 என்று சொல்லும். பிப்ரவரி 29-உடன் ஒரு மாதம் சேர்த்தால் போஸ்ட்கிரெஸுக்கு மார்ச் 29; ஆரக்கிளின் மாதம் கூட்டும் ஃபங்ஷனோ, மாதக் கடைசி நாளுக்கு மாதக் கடைசி நாள்தான் ஜோடி என்று மார்ச் 31 தரும். போஸ்ட்கிரெஸில் ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டி, வந்த விடையில் ஒரு மாதம் கழித்தால் ஜனவரி 29-க்கு வந்து நிற்பீர்கள். இரண்டு நாள் ஆவியாகிவிட்டது! இஎம்ஐ, சந்தா, இன்சூரன்ஸ் கெடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

யார் சொல்வது சரி? எல்லோரும் சரி. நாள் என்பது பூமியின் சுழற்சியைப் பார்த்துக் கிடைத்த அளவு. மாதத்துக்கு எத்தனை நாள் என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். அதனால்தான் போஸ்ட்கிரெஸ் இன்டர்வெலுக்குள் மாதம், நாள், நேரம் மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, ஒன்றில் ஒன்றைக் கரைப்பதில்லை. ஏதென்ஸ் மாதத்தையும் எகிப்து மாதத்தையும் நேரடியாகக் கழிக்காமல் பொது ஸ்கேலுக்குக் கொண்டுவந்து கழித்த ஸ்காலிஜருக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும்.

பாடம் எடுக்காத பேராசிரியர்

1593-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. நிபந்தனை அவருக்குச் சாதகம்: சம்பளம் உண்டு, வகுப்பு எடுக்க வேண்டாம். (இப்படி ஒரு ஆஃபர் லெட்டர் இன்று யாருக்காவது வருமா?) கடைசி 16 வருடம் அங்கேதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேடி வந்த மாணவர்களோடு மட்டும் பேசினார். அவர்களில் ஒருவர் 11 வயதில் லைடனில் சேர்ந்த ஹ்யூகோ குரோஷியஸ், பின்னாளில் சர்வதேச சட்டத்தின் முன்னோடி.

எல்லாவற்றிலும் அவர் ஜெயிக்கவில்லை. 1594-ல் வட்டத்துக்குச் சமமான சதுரத்தை வரையும் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு புத்தகம் போட்டார். கணித வல்லுநர்கள் உடனே ஓட்டை போட்டார்கள். அவரோ பின்வாங்கவில்லை.

1606-ல் வந்த 'தெசாரஸ் டெம்போரம்' அவரது இன்னொரு பெரிய நூல். பழைய கால வரலாற்றுப் பட்டியல்களைத் தோண்டித் திரட்டியது. அதில்தான் அவர் ஒரு பொறியில் மாட்டிக்கொண்டார். எகிப்தியப் பூசாரி மானெத்தோ எழுதிய அரச வம்சப் பட்டியல் அவர் கையில் கிடைத்தது. கூட்டிப் பார்த்தால் முதல் வம்சம் கி.மு. 5285-ல் தொடங்குகிறது. ஆனால் பைபிளை வைத்து அவரே கணக்கிட்ட உலகத்தின் படைப்பு, கி.மு. 4000-க்கும் இந்தப் பக்கம். உலகம் உண்டாவதற்கு 1300 வருடத்துக்கு முன்பே எகிப்தில் ராஜா!

நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர் அவர். பட்டியலை மறைத்திருக்கலாம், பொய் என்று தள்ளியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அச்சிட்டார். அந்த வருடங்களுக்குத் தன் 7980 வருட ஸ்கேலும் போதவில்லை என்பதால், அதற்கு முன்னால் இன்னொரு சுற்றைக் கற்பனையாக ஒட்டினார். டேட்டா தன் நம்பிக்கைக்கும் பொருந்தவில்லை, தன் சிஸ்டத்துக்கும் பொருந்தவில்லை. ஆனாலும் டெலிட் செய்யவில்லை. என்னைக் கேட்டால், ஜூலியன் பீரியடைவிட இதுதான் அவர் செய்த பெரிய காரியம். பைபிள் காலக்கணக்கைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டபோது இந்தப் பட்டியல் மேஜையில் இருந்தது.

கடைசி அடி

ஆனால் ஒரு டேட்டாவை மட்டும் அவர் சரிபார்க்கவே இல்லை. அப்பா சொன்ன குடும்ப வரலாறு.

1594-ல் தன் வம்சத்தின் பெருமையைப் பற்றி ஸ்காலிஜரே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். வெரோனா அரசர்களின் ரத்தம் என்று அதில் எழுதியிருந்தார். எதிரிகள் காத்திருந்தார்கள். 1607-ல் கத்தோலிக்கத் தரப்பைச் சேர்ந்த காஸ்பர் ஷியோப்பியஸ், 400 பக்கத்துக்கு மேல் வரும் ஒரு புத்தகத்தை இறக்கினார். வரிக்கு வரி பிழை பிடித்தார். ஸ்காலிஜர் மற்றவர்களின் தேதிகளைக் கிழித்த அதே பாணியில் அவருடைய வம்ச வரலாற்றைக் கிழித்தார்.

அடுத்த வருடமே ஸ்காலிஜர் பதில் எழுதினார். சில தவறுகளைக் காட்டினார். ஆனால் மையமான விஷயத்தில் அவரிடம் ஆதாரம் இல்லை. இன்று ஆய்வாளர்களுக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை: அப்பாவின் இயற்பெயர் ஜூலியோ போர்டோன், தாத்தா பெனடெட்டோ போர்டோன் ஓவியமும் வரைபடமும் செய்து பிழைத்த பதுவா நகரத்துக்காரர். அரச ரத்தம் என்பது அப்பா கட்டிய கதை. மகன் அதை முழுதாக நம்பியிருந்தார்.

பதில் நூல் வந்து சில மாதங்களில், 1609 ஜனவரி 21 அன்று லைடனில் ஸ்காலிஜர் இறந்தார். தன்னிடமிருந்த ஹீப்ரு, அரபி உள்ளிட்ட கீழ்த்திசை மொழிச் சுவடிகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அவை இன்றும் அங்கே இருக்கின்றன. அவர் தொடங்கிவைத்த 7980 வருடச் சுற்று 3267-ம் ஆண்டோடு முடிகிறது.